வயது: பத்துக்கு மேல்

தத்தெடுப்பு முகாம் நடக்கும் இடத்தில் அரை மணி நேரம் நின்று பார்த்தால் போதும், எந்த நாய்க்கு வீடு கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று சொல்லிவிடலாம். இரண்டு மாதக் குட்டிகள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துவிடும். வெள்ளையும் செம்பட்டையும் முதலில் போகும். கறுப்புக் குட்டி கொஞ்சம் காத்திருக்கும். பெட்டைக் குட்டி அதைவிடக் காத்திருக்கும், கருத்தடை செய்துதான் கொடுப்போம் என்று சொன்னாலும் “குட்டி போட்டா யார் பாக்கறது?” என்பார்கள். லாப்ரடார் ஜாடை இருந்தால் மூன்று காலோடு நின்றாலும் ஆள் வரும். கிழட்டு நாய்களை முகாமுக்குக் கொண்டுவருவது அபூர்வம். வண்டியில் ஏற்றி, வெயிலில் உட்காரவைத்து, சாயங்காலம் திருப்பிக் கூட்டிப் போவதற்கு எதற்கு அந்த அலைச்சல்?

அதனால் நாங்கள் காப்பகத்துக்கே போனோம். பழைய மகாபலிபுரம் சாலையை விட்டு உள்ளே திரும்பி, ஏரியை ஒட்டிய மண் பாதையில் போனால் வரும் தகரக் கூரைக் கொட்டகை. நாலைந்து பேர் சொந்தக் காசிலும் நன்கொடையிலும் நடத்துவது.

பெரிய மனசு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீட்டுக் கணக்கு அப்படி. எனக்கு அப்போது 58. மகன் பெங்களூரில். அம்மா எண்பதைத் தாண்டி, கைத்தடியோடு நடமாடிக்கொண்டிருந்தார். நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து நன்றாகப் பார்த்துக்கொண்டால் 12, 14 வருஷம் இருக்கும். எழுபது வயதில், பூனையைக் கண்டால் இழுத்துக்கொண்டு ஓடும் நாயை நான் எப்படிப் பிடிப்பது? போதாததற்கு, குட்டி என்றால் முதல் வருஷம் முழுவதும் காலடியிலேயே சுற்றும். அம்மா ஒருமுறை தடுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. “நாயே வேண்டாம்டா” என்று அம்மா சொன்னதற்கு அது ஒரு காரணம். ஆச்சாரம் இன்னொரு காரணம்.

“அப்போ வயசான நாயா எடுக்கலாமே” என்றாள் என் மனைவி. அவள் சொல்லும் வரை அப்படி ஒரு வழி இருப்பதே எனக்குத் தோன்றியதில்லை.

காப்பகத்தில் பொறுப்பாக இருந்த பெண் எங்களைப் பின்பக்கம் கூட்டிப் போனார். அங்கே தனித்தனித் தடுப்புகளில் ஏழெட்டு நாய்கள் படுத்திருந்தன. எதுவும் எழுந்து வந்து வாலாட்டவில்லை. “இதுங்க எல்லாம் வீட்டு நாய்ங்க சார். தெருநாய் அடிபட்டு வரும். வீட்டு நாய், வீட்டுல பெரியவங்க போனதுக்கப்புறம் வரும்” என்றார். தனியாக இருக்கும் தாத்தா பாட்டிக்குத் துணையாக இருக்கட்டும் என்று பிள்ளைகள் ஒரு குட்டியை வாங்கிக் கொடுப்பார்கள். பத்து வருஷம் கழித்துத் தாத்தா போய்விடுவார். பாட்டி மகளோடு அமெரிக்காவுக்கோ முதியோர் இல்லத்துக்கோ போவார். வீடு விற்பனைக்கு வரும். நாய் மட்டும் எந்தப் பத்திரத்திலும் இருக்காது. நாங்கள் குட்டி எடுத்திருந்தால், பத்து வருஷம் கழித்து அதுவும் இங்கேதான் வந்து படுத்திருக்கும் என்று எனக்கு அப்போது உறைத்தது.

நாங்கள் எடுத்தது ஒரு பொமரேனியன் பெட்டை. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும்; அப்போது நாள்பட்ட வேட்டியின் நிறத்தில் இருந்தது. அட்டையில் ‘பெண், வயது 10+’ என்று எழுதியிருந்தது. சரியான வயது என்ன என்று கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்தார். குட்டி என்றால் பால் பல் விழுந்து கடைவாய்ப் பல் முளைப்பதை வைத்துக் கணக்குச் சொல்லலாம். ஏழு மாதத்துக்குள் நிரந்தரப் பற்கள் எல்லாம் வந்துவிடும், அதற்குப் பிறகு எல்லாம் உத்தேசம்தான். இதற்கோ பாதிப் பற்கள் இல்லவே இல்லை.

ஒரு நாள் காலையில் கேட்டைத் திறந்தபோது அது கம்பியில் கட்டிக் கிடந்ததாம். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம். அந்தக் கிண்ணத்தையும் எங்களிடம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கழுவிக் கவிழ்த்தபோது பார்த்தால், அடியில் எழுத்து வெட்டியிருந்தது: இரண்டு இனிஷியல், ஒரு தேதி, 1989. கிரகப்பிரவேசத்துக்கோ கல்யாணத்துக்கோ வாங்கிப் பெயர் வெட்டி எல்லோருக்கும் கொடுத்த பாத்திரம். நாய்க்கென்று கடையில் வாங்கிய பிளாஸ்டிக் தட்டு இல்லை. அடுக்களையிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

இப்போதைய பிள்ளைகளுக்குப் பொமரேனியன் என்றால் பழைய படத்தில் வரும் நாய். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மெட்ராஸில் நடுத்தரக் குடும்பத்தில் நாய் என்றாலே பெரும்பாலும் அதுதான். வெளிநாட்டிலிருந்து நாய் கொண்டுவருவது சிரமமாக இருந்த காலம். இங்கேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்து வெயிலுக்குப் பழகியது, கால் வயிறு தயிர் சாதத்தில் காலம் தள்ளும், இரண்டு அறை வீட்டில் அடங்கும். உண்மையில் அது பொமரேனியனும் இல்லை, இந்தியன் ஸ்பிட்ஸ் என்று தனி இனமாகவே வைத்திருக்கிறார்கள். 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கௌன்’ இந்திப் படத்தில் ஒரு வெள்ளை நாய் கல்யாணத்தையே நடத்தி வைத்த பிறகு அதற்கு இன்னும் கிராக்கி. 2003-இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் சிறுவனின் பின்னால் நடந்து வந்தது. ஊரே பக் வாங்கியது. பிறகு லாப்ரடார், இப்போது சென்னை வெயிலில் ஹஸ்கி. ஒவ்வொரு மோகமும் முடிந்து பத்துப் பன்னிரண்டு வருஷத்தில், அந்த இனம் காப்பகத்துக் கேட்டில் வந்து நிற்கும்.

பஞ்சு என்று பெயர் வைத்தோம். வைத்த மறுநாளே தெரிந்துவிட்டது, அதற்குக் காது கேட்காது. பின்னால் நின்று தட்டைத் தட்டினாலும் திரும்பவில்லை. காது கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு என்று மகன் போனில் சிரித்தான். எங்களுக்குள் பேசிக்கொள்ளத்தான். அம்மா அந்தப் பெயரைச் சொன்னதே கிடையாது. “ஏய் கிழவி” என்பார், எண்பது வயதில்.

காப்பகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில்தான் இது நம் வீடு என்ற தெளிவு. தத்துக் கொடுப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு. பஞ்சு அப்படித்தான் இருந்தது. முதலில் துணி துவைக்கும் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே போய்ப் படுத்தது. நாம் போகும்போது எழுந்து வழி விட்டது. குரைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்த உறவினர்கள் “எவ்வளவு சாது” என்றார்கள். சாது இல்லை, இங்கே தன் இடம் எது என்று தெரியாத நாய் அது.

பிறகு ஒரு மழை நாள். கீழே கூட்டிப் போய்விட்டு மேலே வந்தேன். வாசற்படியில் மிதியடிக்கு முன்னால் நின்றுகொண்டது. உள்ளே வா என்று கையைக் காட்டினேன், வரவில்லை. முன் வலது காலைத் தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றது. காலில் முள் குத்திவிட்டதோ என்று குனிந்து விரல்களுக்கிடையே பார்த்தேன், ஒன்றுமில்லை; வெறும் ஈரம். கையோடு இருந்த துண்டால் துடைத்தேன். உடனே அந்தக் காலை வைத்துவிட்டு இடது காலைத் தூக்கியது. அதைத் துடைத்ததும் தானாகவே திரும்பி நின்று, பின்பக்கத்தைக் காட்டி, ஒவ்வொன்றாகப் பின்கால்களைக் கொடுத்தது. நான்காவது காலும் முடிந்த பிறகுதான் உள்ளே போயிற்று.

மனைவி கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “யாரோ எத்தனை வருஷம் துடைச்சிருக்காங்க பாருங்க” என்றாள்.

அதற்குப் பிறகு பஞ்சுவின் பழைய வீடு கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. சாயங்காலம் அம்மா விளக்கேற்றும்போது, கூடத்தில் எங்கே படுத்திருந்தாலும் எழுந்து வந்து பூஜை அலமாரிக்கு இரண்டடி தள்ளி உட்காரும். கற்பூரம் காட்டி முடிக்கும் வரை அசையாது. முடிந்ததும் அம்மாவின் கையைப் பார்க்கும். முதலில் அம்மாவுக்குப் புரியவில்லை. “என்னடா இது, என்னையே பாக்குது?” ஒரு கல்கண்டைப் போட்டுப் பார்த்தார். பஞ்சு அதை மெதுவாக நாக்கால் எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டது. ‘வாசலோடு இருக்கட்டும்’ என்ற பேச்சு அன்றைக்கு நின்றது. “பூஜை பண்ற வீட்டுல வளர்ந்திருக்கு” என்று அம்மா எதிர்வீட்டு மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், சம்பந்தி வீட்டைப் பற்றிச் சொல்வது போன்ற பெருமையோடு. சர்க்கரைப் பொங்கல் வைக்கும் நாளில் மட்டும் நான் காவல். உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

இப்படி வளர்த்தவர்கள் எப்படிக் கட்டிவிட்டுப் போனார்கள்? நானும் ஆரம்பத்தில் கோபப்பட்டவன்தான். சட்டத்தைக்கூடத் தேடிப் பார்த்தேன். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, பசியாலோ தாகத்தாலோ வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. முதல் முறை என்றால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அறுபதுகளில் அது பணமாக இருந்திருக்கும். இன்றைக்கு ஒரு வேளை டிபனுக்குக் காணாது.

ஆனால் கால் துடைத்தவரும் கட்டிவிட்டுப் போனவரும் ஒரே ஆளாக இருந்திருக்க முடியாது என்று பின்னால் தோன்றியது. துடைத்தவர் போயிருப்பார். கட்டிவிட்டவர் அவருடைய மகனோ மருமகளோ, வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில், யாரைக் கேட்பது என்று தெரியாமல், ஆனாலும் அந்தக் கிண்ணத்தைத் தேடி எடுத்துவந்து பக்கத்தில் வைத்தவர். கேட்டைத் தட்டி நேரில் ஒப்படைத்து, தடுப்பூசி விவரமும் மருந்து விவரமும் சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நேரில் வர வெட்கப்பட்டதால்தான் அந்த நாயின் வயதும் பெயரும் நோயும் எங்களுக்குத் தெரியாமல் போயின.

நோயைக் கண்டுபிடித்தது வேப்பேரியில். 1903-இல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, ஆட்டுக்கும் கிளிக்கும் ராட்வைலருக்கும் நடுவே உட்கார்ந்திருக்க வேண்டும். பஞ்சுவின் கண்ணில் நீலம் படர்ந்திருந்ததால் புரை என்று நினைத்திருந்தோம். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இது புரை இல்லை, வயதானால் கண் வில்லை தடித்து இப்படித் தெரியும், பார்வை ஓரளவு இருக்கிறது என்றார். பிறகு மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் சற்று நேரம் எடுக்கவே இல்லை. மாணவிகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவராகக் கேட்கச் சொன்னார். எனக்கும் கொடுத்தார். ‘லப் டப்’ என்று கேட்க வேண்டிய இடத்தில், நடுவே ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சல். இதயத்தின் இடப்பக்கம் இருக்கும் வால்வு தடித்து, சரியாக மூடாமல், ரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. சின்ன உருவமுள்ள நாய்களுக்கு வயதானால் அதிகம் வருவது. இதயம் பெரிதாகிவிட்டது என்று எக்ஸ்ரே சொன்னது.

பிமோபென்டான் என்ற மாத்திரையை எழுதினார். இதயம் பெரிதான பிறகும் மூச்சுத்திணறல் வராத நிலையிலேயே அதைக் கொடுத்தால், திணறல் வருவதைச் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போடலாம் என்று 2016-இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியிருக்கிறது என்றார். பதினைந்து மாதம் என்பது நமக்கு ஒரு வாடகை ஒப்பந்தத்தைவிடக் கொஞ்சம் அதிகம். பஞ்சு வயது நாய்க்கு அது ஒரு தனி வாழ்க்கை.

அவர் கற்றுக்கொடுத்த இன்னொன்றை, வயதான நாய் வைத்திருக்கும் எல்லோரிடமும் நான் சொல்கிறேன். நாய் நன்றாகத் தூங்கும்போது அதன் விலாவைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தை வைத்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. அதற்கு மேலே போய்க்கொண்டே இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கிறது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மனைவி தினசரிக் காலண்டரில் அந்தந்தத் தேதித் தாளின் ஓரத்தில் எண்ணை எழுதிவைப்பாள். ராகு காலம், எமகண்டத்துக்குப் பக்கத்தில் 22, 24, 21.

ஒரு கட்டத்தில் அந்த எண் ஏறியது. வேறு ஒரு மாத்திரையும் சேர்ந்தது, நீர் பிரிய. வாங்கிவந்து மேஜையில் வைத்தேன். அம்மா அட்டையை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். “இது என் மாத்திரைடா!” உண்மைதான், அம்மாவுக்கு இதயத்துக்காகக் கொடுத்துவந்த அதே ஃபுரோசிமைடு. அளவு மட்டும் எடைக்கு ஏற்ப. அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு ஒரே டம்ளர் தண்ணீரை வைத்துக்கொண்டு இருவருக்கும் மாத்திரை. பத்து மணிக்குள் இருவரும் மாறி மாறி எழுந்து போவார்கள், ஒருவர் குளியலறைக்கு, ஒருவர் பால்கனிக்கு. இருவருக்கும் உப்பு கூடாது. சாப்பாட்டு நேரத்தில் அம்மா அப்பளத்தை நொறுக்கி மேஜைக்குக் கீழே கையை நீட்டுவதை நான் பார்த்துவிட்டால், “எனக்குத்தான் கூடாது, ஒரு துண்டு அதுக்கு என்ன பண்ணும்?” என்பார். டாக்டர் கேட்டால், “உப்பா? பாக்கறதே இல்லை” என்று இருவர் சார்பிலும் அவரே பதில் சொல்வார்.

எங்கள் வீட்டில் அசைவம் கிடையாது. இதய நோயாளி நாய் இளைத்துப் போகக் கூடாது, புரதம் வேண்டும், முட்டையாவது கொடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது பெரிய பஞ்சாயத்தாகும் என்று நினைத்தேன். அம்மா யோசித்துவிட்டு, “பால்கனியில தனி அடுப்பு, தனிப் பாத்திரம்” என்று தீர்ப்பு சொன்னார். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு பால்கனிக்குப் போயிற்று. சில மாதம் கழித்து, “முட்டை வெந்துடுச்சு, எடு” என்று உள்ளேயிருந்து நேரம் சொல்பவராக அம்மா மாறியிருந்தார்.

சிரமம் இல்லை என்று சொன்னால் பொய். மாத்திரை காரணமாக ராத்திரியில் அடக்க முடியாது. கூடத்தில் தினமும் ஈரம். டயப்பர் வாங்கினோம், புண்ணானது, விட்டுவிட்டோம். பழைய பருத்திப் புடவைகள் எல்லாம் அதன் படுக்கையாக மாறித் தீர்ந்தன. மாதச் செலவு, மருந்தும் ரத்தப் பரிசோதனையும் சேர்ந்து, வளர்ந்த லாப்ரடாருக்குச் சாப்பாடு போடும் செலவைத் தாண்டியது. கடைசி மழைக்காலத்தில் மூளைக்கும் வயதாகிவிட்டது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே முகத்தை நுழைத்துக்கொண்டு, திரும்பத் தெரியாமல் நிற்கும். பின்னாலிருந்து தொட்டால் பயந்துவிடும் என்பதால், எதிரே போய் உட்கார்ந்து, தரையைக் கையால் தட்ட வேண்டும். காது கேட்காத நாய்க்கு அதிர்வு கேட்கும். மெதுவாகப் பின்வாங்கி, என் கையை முகர்ந்து, இன்னார் என்று தெரிந்துகொண்டு வரும்.

காது கேட்காததில் ஒரு லாபமும் இருந்தது. தீபாவளி. தெருவில் சரவெடி வெடித்துக்கொண்டிருக்க, மாடி வீட்டு லாப்ரடார் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்க, பஞ்சு கூடத்தின் நடுவே நான்கு காலையும் நீட்டிக் குறட்டை விட்டது. லட்டு உருட்டிக்கொண்டிருந்த அம்மா பார்த்துவிட்டு, “எனக்கும் அந்தக் காது வந்தா தேவலை” என்றார்.

போகும் நேரம் வந்தபோது அது எங்களுக்குப் புதிராக இல்லை. காலண்டரில் எண் 40-ஐத் தாண்டியது. மாத்திரை கூட்டியும் குறையவில்லை. ஆக்சிஜன் வைத்து, நீர் எடுத்து, வீட்டுக்கு வந்தோம். இரண்டு நாளில் மறுபடியும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று படுக்காமல் உட்கார்ந்தே தூங்கி, தூக்கத்தில் சாய்ந்து, திடுக்கிட்டு எழுந்துகொண்டிருந்தது. ஊசி போட்டுவிடலாம், நீங்கள் முடிவு செய்யுங்கள் என்றார் டாக்டர். எங்கள் குடும்பத்தில் யாரும் அப்படி ஒரு முடிவை எடுத்ததில்லை. மனைவி அழுதாள். நான், இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமே என்றேன். அம்மாதான் கேட்டார்: “அதுக்கு மூச்சு முட்டுது. நீ யாருக்காகடா ஒரு வாரம் பாக்கணுங்கற?”

டாக்டர் வீட்டுக்கே வந்தார். முதலில் ஒரு மயக்க ஊசி. மூச்சிரைப்பு அடங்கி, பல நாட்களுக்குப் பிறகு தலையைக் கீழே வைத்து நீட்டிப் படுத்தது. பிறகுதான் அடுத்த ஊசி. மிகச் சாதாரணமாக முடிந்துவிட்டது. அம்மா ஒரு கல்கண்டை அதன் வாயோரத்தில் வைத்தார்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இரண்டு வகை. “வயசாச்சு, போயிடுச்சு, விடுங்க” என்றவர்கள் ஒரு வகை. “இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், சாகப்போற நாயை எதுக்கு எடுக்கணும்?” என்றவர்கள் இன்னொரு வகை. இரண்டாமவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. குட்டியாக எடுத்தாலும் இந்த நாள் வரும். 14 வருஷம் பழகிய பிறகு வரும். எங்களுக்குச் சீக்கிரம் வந்தது, அவ்வளவுதான். அதற்கு ஈடாக, யாரோ முகம் தெரியாத ஒருவர் பத்து வருஷம் பாடுபட்டு வளர்த்த ஒழுங்கான ஜீவன் ஒன்று, கால் துடைக்கவும் விளக்குக்கு முன் உட்காரவும் தெரிந்தே, எங்கள் வீட்டுக்கு வந்தது. செருப்பைக் கடிக்கவில்லை. அம்மாவின் காலில் குறுக்கிடவில்லை. பகலில் இருவரும் தூங்கினார்கள். எங்கள் வீட்டில் இருந்தது மெதுவாக நடக்கிறவர்கள், எப்போதும் வீட்டில் இருக்கிறவர்கள், மாத்திரை நேரம் தவறாதவர்கள். கிழட்டு நாய்க்கு வேண்டியதும் அதுதான். இதைத் தருமம் என்று யாராவது புகழ்ந்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வரன் பார்ப்பவர்கள் பொருத்தம் என்பார்களே, இது அந்தக் கணக்கு.

அறுபதை நெருங்குகிறவர்கள், பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறவர்கள், துணைக்கு நாய் வேண்டும் என்று என்னைக் கேட்டால் இப்போது இதைத்தான் சொல்கிறேன்: உங்கள் வயதுக்கு ஏற்ற நாயைப் பாருங்கள். எடுக்கும் முன்பே ஒரு முழு ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்து, மாதம் எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டை என்றால் கருத்தடை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். ஆகாமல் வயதானால் கருப்பையில் சீழ் பிடித்து உயிருக்கே வந்துவிடும். வழுக்கும் டைல்ஸ் தரையில் பழைய பாயை விரித்துப் போடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் நாய் யாரிடம் போகும் என்று ஒரு தாளில் எழுதி, அவரிடம் சம்மதமும் வாங்கி, தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். நாங்களும் எழுதி வைத்திருக்கிறோம். பெங்களூரில் இருக்கும் மகன் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

யாருக்காக என்றால், இப்போது வீட்டில் இருப்பவனுக்காக. நாட்டு நாய், கறுப்பு, காது மடலில் கருத்தடை அடையாளமாக ஒரு வெட்டு. ஒரு டீக்கடை வாசலில் வாழ்ந்தவன், கடையை மூடிவிட்டார்கள். விளக்கேற்றும்போது முதுகைக் காட்டிப் படுத்திருப்பான். சேற்றுக் காலோடு நேராகக் கூடத்துக்குள் வந்துவிடுவான். ஆனால் டிகாக்‌ஷன் இறங்கும் வாசனைக்கு எந்தத் தூக்கத்திலிருந்தும் எழுந்துவந்து, பிஸ்கட்டுக்கு நிற்பான். “அது நல்ல குடும்பத்துலேர்ந்து வந்துது. இது டீக்கடை” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்கிறார். வயது என்ன என்று கேட்டோம். அட்டையில் 10+ என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்துவிட்டோம்.